நகத்தளவு அட்டைப்படம்

(நம் குடியிருப்பின் பொது அறையில் ஞாயிறு மாலை பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக எழுத்தில்.)

காபி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். அது நடக்காது என்று அவருக்கும் தெரியும்.

நான் படித்தது பி.காம். 34 வருஷம் வங்கியில் எழுத்தர். அதில் பாதிக்கு மேல் கேஷ் கவுண்டர். படம் வரையத் தெரியாது. லெட்ஜரில் கோடு போடவே ஸ்கேல் வேண்டும். அப்படிப்பட்டவன் பாட்காஸ்ட்டுக்கு அட்டைப்படம் செய்வது பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம், அதில் ஒரு தப்புச் செய்தவன் நான். இப்போது நம் குடியிருப்பில் இன்னும் மூன்று தொடர்கள் ஆரம்பிக்கப் போகின்றன. ஏ பிளாக் பெண்களின் சமையல் பேச்சு, பிள்ளைகளின் கதை நேரம், மாடித்தோட்டக்காரர்களின் தொடர். அதே தப்பை நீங்களும் செய்ய வேண்டாம் என்றுதான் பேச ஒப்புக்கொண்டேன்.

பாட்காஸ்ட் கேட்டுப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வேண்டியபோது போட்டுக் கேட்கும் வானொலி என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் ஆப்பிளிலோ ஸ்பாட்டிஃபையிலோ தேடினால் சின்னச் சின்னச் சதுரப் படங்கள் வரிசையாக வரும். ஒவ்வொரு சதுரமும் ஒரு தொடர். அதைத் தொட்டால்தான் உள்ளே போய்ப் பேச்சைக் கேட்க முடியும். ஆக, அந்தச் சதுரம்தான் வாசல்.

நம் ‘ஏரிக்கரை நினைவுகள்’ தொடர் ஆரம்பித்தபோது நான் பொருளாளர். இங்கே கட்டடம் வருவதற்கு முன் எப்படி இருந்தது என்று பெரியவர்களைப் பேச வைத்துப் பதிவு செய்தோம். பதிவுக்கு மூன்று மாதம் உழைத்தோம். அட்டைப்படத்துக்கு ஒரு சாயங்காலம். கமிட்டியில் ஆளுக்கொன்று சொன்னார்கள். சங்கத்தின் முத்திரை வேண்டும், கட்டடத்தின் படம் வேண்டும், நிர்வாகிகள் ஐந்து பேரின் முகம் வேண்டும், ஒலிவாங்கி, ஹெட்போன், தொலைபேசி எண், மேலே சங்கத்தின் முழுப் பெயரோடு ‘வழங்கும்’ என்று ஒரு வார்த்தை. நான் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. ஐந்து முகத்தில் ஒன்று என்னுடையது.

பக்கத்துத் தெரு ஃபிளெக்ஸ் கடையில் கொடுத்தோம். அவர் ஆறடிக்கு நாலடி பேனர் மாதிரி அழகாகச் செய்து கொடுத்தார். போனில் ஏற்றினால் ஏறவில்லை. சதுரமாக இருக்க வேண்டுமாம். இரண்டு ஓரத்தையும் வெட்டினோம். ஓரத்தில் நின்ற என் முகம் பாதி போயிற்று. நிறமும் சாயம் போன வேட்டி மாதிரி தெரிந்தது. அச்சுக்கடையில் மை கலக்கும் கணக்கில், அதாவது சிஎம்ஒய்கே முறையில், கோப்பு தயார் செய்வார்கள். போன் திரை வெளிச்சத்தைக் கலந்து நிறம் காட்டுவது. அதற்கு ஆர்ஜிபி முறையில் வேண்டும். கடைக்காரர் மேல் குற்றம் இல்லை, அவரிடம் நாங்கள் எதற்கென்றே சொல்லவில்லை.

ஆகவே முதலில் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் கேட்பது சரியான சதுரம், குறைந்தது 1400-க்கு 1400 பிக்சல், அதிகபட்சம் 3000-க்கு 3000, ஜேபெக் அல்லது பிஎன்ஜி கோப்பு, ஆர்ஜிபி நிறம். 3000-த்திலேயே செய்துவிடுங்கள். அது மற்ற இடங்களுக்கும் போதும். கேன்வா மாதிரி இலவசச் செயலியில் இந்த அளவைக் கொடுத்து ஆரம்பிக்கலாம்.

இதெல்லாம் சுலபமாகச் சரி செய்யக்கூடிய தப்பு. சரி செய்ய முடியாமல் போனது வேறொன்று.

பி பிளாக்கில் இருந்த அம்மாவை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். குழந்தைகளுக்கெல்லாம் பாட்டி. இந்த மனையில் ஒரு பகுதி அவர்களுடையது. ஓட்டு வீடும் கிணறும் இருந்த இடத்தைக் கட்டடத்துக்குக் கொடுத்துவிட்டு ஃபிளாட்டுக்கு வந்தவர். நம் தொடரில் நாற்பது நிமிஷம் பேசினார். ஏரி நிரம்பினால் கிணற்றில் குனிந்து கையாலேயே தண்ணீர் மொண்டது, விடியற்காலையில் கப்பி கிறீச்சிடும் சத்தத்தில் தெருவே எழுந்தது, எல்லாம் சொன்னார். வெளியானதும் மஸ்கட்டில் இருக்கும் மகனிடம், “என் பேச்சு போன்ல வருதாம், தேடிக் கேளு” என்று சொல்லியிருக்கிறார். பிறகு என்னை லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம், “தம்பி, அவன் கேட்டானான்னு அதுல தெரியுமா?” என்பார். யார் கேட்டார்கள் என்று தெரியாதம்மா, எண்ணிக்கை மட்டும்தான் வரும் என்பேன். அந்த எண்ணிக்கை எவ்வளவு குறைவு என்று நான் சொல்லவில்லை.

அந்த வருஷம் ஆடியில் அவர் போய்விட்டார். காரியத்துக்கு வந்திருந்த மகன் என்னைத் தேடி வந்து, “அம்மா ஏதோ பேசினாங்களாமே சார், அது வெளியே வரவே இல்லையா?” என்று கேட்டார். என் போனில் எடுத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதை அப்பவே பார்த்தேன் சார். ஃபிளாட் விக்கிற விளம்பரம்னு நெனச்சுத் தள்ளிட்டேன்.”

கிடைக்கவில்லை என்று அவர் அம்மாவிடம் சொல்லவில்லை. வருத்தப்படுவார் என்று நினைத்திருக்கிறார். கேட்டாயா என்று அம்மாவும் அவரிடம் கேட்கவில்லை. நான் ஒரு லிங்க் அனுப்பியிருந்தாலும் முடிந்திருக்கும். அதுவும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். கேஷ் கவுண்டரில் இருந்தவனுக்கு இது புதிதாகவே இருந்திருக்கக் கூடாது. கட்டு எண்ணும்போது நோட்டில் எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை. நிறம்தான் முதலில் கண்ணில் படும். 100 இளம் ஊதா, 500 கல் சாம்பல். படிக்காதவர்கூடச் சரியாக எடுத்துக் கொடுப்பார். நிறம் பக்கத்தில் வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உங்கள் பர்ஸிலேயே இருக்கிறது. 2017-இல் வந்த 200 ரூபாய் பளிச்சென்ற மஞ்சள். 2019-இல் வந்த 20 ரூபாய் பச்சை கலந்த மஞ்சள். 200 நோட்டு 17 மில்லிமீட்டர் நீளம் அதிகம்தான். ஆனால் இருட்டில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது யார் அளந்து பார்க்கிறார்கள்? ஆயுள் முழுக்க நோட்டு எண்ணிய நானே ஒரு தடவை 20 என்று நினைத்து 200-ஐ நீட்டினேன். ஆட்டோக்காரர் நல்லவர், திருப்பிக் கொடுத்தார்.

சின்ன வயதில் தீப்பெட்டிப் படம் சேர்த்தவர்கள் கை தூக்குங்கள். பாருங்கள், எவ்வளவு பேர்! ஒரு பெட்டிக்கு ஒரு படம்தான் இருக்கும். புலி என்றால் புலி, கப்பல் என்றால் கப்பல். தொழிற்சாலை முதலாளியின் முகம் அதில் கிடையாது. பாட்காஸ்ட் சதுரம் பட்டியலில் தெரியும்போது அந்தத் தீப்பெட்டிப் படத்தைவிடச் சின்னது, கட்டைவிரல் நகம் அளவுதான். இந்தச் சதுர வடிவம் கிராமபோன் ரிக்கார்டு உறையிலிருந்து வந்த வழக்கம். ஒரு காலத்தில் அந்த உறைகள் வெறும் பழுப்புக் காகிதமும் அட்டையுமாக இருந்தன. அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனியில் வேலை பார்த்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர் 1940 வாக்கில் அதில் படம் போட ஆரம்பித்தார். பின்னால் வந்த எல்பி உறை ஓரடிச் சதுரம், கையில் பிடித்து ரசிக்கலாம். நமக்குக் கிடைத்திருப்பது நகம். அதில் ஓரடிக்கான சாமானை அடைத்தால் கறைதான் தெரியும்.

புதிய படத்துக்கு ஒரே ஒரு பொருளை எடுத்தோம், கிணற்றுக் கப்பி. சி பிளாக்கில் ஒன்பதாவது படிக்கும் பெண் வரைந்து கொடுத்தாள். ஒலிவாங்கியையும் ஹெட்போனையும் தூக்கிவிட்டோம். பாட்காஸ்ட் மேல் ஒலிவாங்கி போடுவது புத்தக அட்டையில் புத்தகத்தைப் படம் போடுவது மாதிரி. எதைப் பற்றிய பேச்சு என்று அது சொல்வதே இல்லை.

எழுத்துதான் பெரிய பாடு. தமிழ் எழுத்துக்குச் சுழியும் புள்ளியும் உயிர். சுருக்கினால் முதலில் சாவது அவைதான். எங்கள் பழைய படத்தை நகத்தளவில் பார்த்தபோது ‘ஏ’யின் கீழ்க்கோடு காணாமல் போய் ‘எரி’ என்று தெரிந்தது. ‘க்’கின் புள்ளியும் இல்லை. ஏரியைப் பற்றிப் பேச வந்து நெருப்பை வைத்துவிட்டோம். ‘நினைவுகள்’ என்ற சொல்லைப் படத்திலிருந்து எடுத்துவிட்டு ‘ஏரிக்கரை’ என்று மட்டும், அகலத்தை நிறைக்கும்படி போட்டோம். தடித்த, சுழிக்குள் இடம் விட்ட எழுத்துருவாகத் தேடுங்கள். முக்த மலர், கேட்டமரான், பலூ தம்பி எல்லாம் கூகுளில் இலவசமாகவே கிடைக்கின்றன. கல்யாணப் பத்திரிகை எழுத்து வேண்டவே வேண்டாம்.

தொடரின் முழுப் பெயரை விவரம் எழுதும் இடத்தில் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தட்டச்சுச் செய்யுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை வைத்துத் தேடல் நடக்காது. இதையும் நாங்கள் செய்யவில்லை.

நிறத்துக்கு வருகிறேன். போன வருஷம் எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆயிற்று. அதற்கு முன் கறுப்பின் மேல் நீல எழுத்து இருந்தால் எனக்கு இரண்டும் ஒன்று. நம் தொடரைக் கேட்பவர்களில் பலர் என் வயதுக்காரர்கள். பின்னணிக்கும் எழுத்துக்கும் வெளிச்ச வித்தியாசம் வேண்டும். இணையதளங்களுக்கான சர்வதேச விதிமுறையில் அதற்கு ஒரு கணக்கே உண்டு. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. வெள்ளைமேல் கறுப்பு என்றால் 21-க்கு 1. கணக்குப் போட வேண்டாம். படத்தைப் போனிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எழுத்து மங்கினால் நிறத்தை மாற்றுங்கள். பலர் போன் திரையைக் கறுப்பாக வைத்திருக்கிறார்கள். கறுப்புப் பின்னணிப் படம் அதில் ஓரம் தெரியாமல் கரைந்துவிடும். நாங்கள் செங்காவியில் வெள்ளை எழுத்துப் போட்டோம்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். படத்தை வாட்ஸ்அப்பில் உங்கள் டிபியாக வைத்துக்கொள்ளுங்கள். அது வட்டமாக வெட்டும், பரவாயில்லை. வீட்டில் வேறு யார் போனிலாவது அரட்டைப் பட்டியலில் உங்கள் பெயரைத் தேடி, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். பிறகு சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் இரண்டு நொடி காட்டிவிட்டு என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். நான் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி தம்பியிடம் காட்டினேன். பழைய படத்துக்கு, “எலெக்‌ஷன் நோட்டீஸா சார்?” என்றார். புதியதற்கு, “கெணறு.” அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

முகங்களை எடுத்ததில் சண்டை வந்தது. “அப்ப சங்கத்துக்கு என்ன பெருமை?” என்று ஒருவர் கேட்டார். ஐந்து பேரின் பெயரையும் விவரப் பகுதியில் போட்டோம். அப்படியும் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. இன்று முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், சிரிக்கிறார்.

சமையல் குழுவுக்கு: கூகுளில் பார்த்த பிரியாணிப் படத்தை எடுத்து ஒட்டாதீர்கள். 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி அது எடுத்தவருடைய சொத்து. உங்கள் வீட்டு இட்லிப் பானையைப் போனில் எடுங்கள், அதுவே நன்றாக இருக்கும். பிள்ளைகள் தொடருக்கு, எந்தக் குழந்தையின் முகத்தையும் போட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். உலகம் முழுக்கப் போகிற படம் அது. செயற்கை நுண்ணறிவில் படம் கேட்டால் வரும். ஆனால் தமிழ் எழுத்தை அதனிடம் விடாதீர்கள். நான் கேட்டபோது தமிழ் மாதிரி ஏதோ ஒன்று வந்தது. எழுத்தை நீங்களே சேருங்கள்.

படத்தை மாற்றினால் சில செயலிகளில் கொஞ்ச நாள் பழையதே தெரியும். கோப்பின் பெயரை மாற்றி ஏற்றுங்கள், பொறுத்திருங்கள். பண்டிகைக்குப் பண்டிகை மாற்றாதீர்கள். பழகின முகத்தை மாற்றினால் கேட்பவர் தொலைந்துபோவார்.

புதிய படம் வந்ததும் மஸ்கட்டுக்கு லிங்கோடு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. “நல்லா இருக்கு சார். ஆனா எங்க கிணத்துல இருந்தது இரும்புக் கப்பி. இது மரம்.” அந்தப் பெண்ணிடம் சொன்னேன். திருத்தித் தரட்டுமா அங்கிள் என்று கேட்டாள். அதற்குள் படம் வெளியாகிவிட்டது, இருக்கட்டும் என்றுவிட்டேன். இரும்பு வடிவத்தையும் வரைந்து என்னிடம் கொடுத்திருக்கிறாள். அந்த அம்மாவின் பகுதிக்கு மட்டும் தனிப்படமாக அதை வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று குழுவினரும் அடுத்த சனிக்கிழமை மாலை உங்கள் படங்களை எடுத்து வாருங்கள். பெரிய திரையில் காட்டாதீர்கள். என் பழைய போனுக்கு அனுப்புங்கள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்கிறேன்.