காசில் யார் முகம் என்பதல்ல கேள்வி

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கிதிர்பூரிலிருந்து டயமண்ட் ஹார்பர் சாலையில் தெற்கே போனால், தாராதலா முனைக்கருகே அலிப்பூர் நாணயச்சாலை இருக்கிறது. 1952-இல் திறக்கப்பட்டது. நம் சட்டைப் பையில் குலுங்கும் சில்லறையில் ஒரு பங்கு அங்கே அடித்ததுதான். நாணயம் அடிக்கும் உரிமை மத்திய அரசுக்கே உண்டு.

இது நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். பெண்ணின் கல்யாணத்துக்கென்று ஓவர்டைம் கூலியை மிச்சம் பிடித்து, தலைவர் படமோ சாமி படமோ போட்ட 'நினைவுத் தங்க நாணயம்' வாங்கிப் பெட்டியில் வைக்கும் குடும்பங்கள் நம்மிலும் உண்டு. அது நாணயம்தானா?

சட்டப்படி அல்ல. நினைவு நாணயம் என்றால் அரசு முத்திரையிட்டு, ரூபாயில் மதிப்புக் குறித்திருக்க வேண்டும் என்கிறது 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம். உச்ச மதிப்பு 1000 ரூபாய். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டு நினைவாக வந்த 1000 ரூபாய் நாணயம் அப்படிப்பட்டது. அதுவும் வெள்ளிக் கலவையே, தங்கமல்ல.

1918-இல் பம்பாயில் வெள்ளையர் அடித்த சவரன் அன்று பணமாகவே செல்லுபடியானது. அந்தப் பெயரில்தான் இன்றும் தங்கத்தை எண்ணுகிறோம். ஆனால் 2015 நவம்பரில் நம் அரசே அசோகச் சக்கரம் பொறித்து வெளியிட்ட தங்கக் காசு பணமல்ல. 24 காரட், ஹால்மார்க் எல்லாம் உண்டு. ரூபாய் மதிப்பு மட்டும் கிடையாது. அதுவும் எடைக்கு விற்கும் தங்கம்தான்.

அரசுக் காசே அப்படியென்றால், கடைக் காசுக்கு யார் பொறுப்பு? 2021 ஜூனில் நடைமுறைக்கு வந்த ஆணை, நகைக்கு ஹால்மார்க்கைக் கட்டாயமாக்கியது. காசுக்கு விலக்குத் தந்தது. வங்கியில் வாங்கிய காசாக இருந்தாலும் வங்கி திரும்ப வாங்காது. ரிசர்வ் வங்கி அதை அனுமதிப்பதில்லை. விற்கப் போகும் நாளில்தான் தொழிலாளி தனியே நிற்கிறான்.

ஆகவே தோழர்களே, படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஹால்மார்க் உள்ள காசையே கேளுங்கள். எடையும் தரமும் எழுதிய ரசீதில்லாமல் பணம் தராதீர்கள். திரும்ப எடுப்பார்களா, எவ்வளவு கழிப்பார்கள் என்று வாங்கும்போதே கேளுங்கள்.

வளையலுக்குள்ள காவல் காசுக்கும் வேண்டும் என்று அரசைக் கேட்போம். நாணயம் என்ற சொல்லுக்கு நேர்மை என்றும் பொருள் வைத்தவர்கள் நாம். உழைத்தவன் வாங்கும் காசில் அந்த நேர்மை இருக்கட்டும்.