எள்ளலும் ஓட்டமும்



நகை என்னும் மெய்ப்பாடு நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்று தொல்காப்பியர் வகுத்தார். அந்நான்கனுள் அவர் முதலில் நிறுத்தியது எள்ளல். அதற்கு உரை வகுத்த பேராசிரியர், எள்ளலால் பிறக்கும் நகையும் ஒருவகைப்பட்டதன்று என்கிறார். ஒருவன் பிறரை எள்ளித் தான் நகுவது ஒன்று. பிறரால் எள்ளப்பட்ட இடத்துத் தானே நகுவது மற்றொன்று. முதல் நகைக்கு உலகில் பஞ்சமில்லை. இரண்டாம் நகை அரிது. அவ்விரண்டாம் நகையைத் தேடிச் செல்வதே இவ்வுரை. தேடுமிடம்தான் சற்றுப் புதிது: பருத்த உடம்பினர் உடற்பயிற்சிக்காக ஓடும் சாலை.

பத்தாண்டு நிறைவு விழாவில், கவிஞர் கூடிய அவையில், இது பேசத்தக்க பொருளா எனச் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். உடம்பைப் பாடாத கவிஞர் இல்லை. ஆயின் பாடப்பட்ட உடம்புகளின் பட்டியலில், மூச்சு வாங்கிக்கொண்டு, சட்டை முதுகில் ஒட்ட, விடியற்காலையில் மெல்ல ஓடிவரும் கனத்த உடம்பு இடம்பெற்றதாகத் தெரியவில்லை. அது நகைச்சுவைத் துணுக்குகளில் மட்டுமே இடம்பெற்றது.

பருத்தவர் ஒருவர் சாலையில் ஓடுகிறார். மிதிவண்டியில் செல்லும் சிறுவர் ஏதோ சொல்லிச் சிரிக்கின்றனர். தேநீர்க் கடை வாசலில் நிற்பவர் கண்டும் காணாததுபோல் முறுவலிக்கிறார். இதே ஊர்தான், இதே வாய்கள்தாம், முந்தைய நாள் அவரைப் பார்த்து, “கொஞ்சம் ஓடியாடினால் உடம்பு குறையுமே” என்று அறிவுரை கூறியவை. ஓடாதிருந்தால் சோம்பேறி, ஓடினால் வேடிக்கைப் பொருள். தெருவிளக்கு அணையுமுன் ஓடி முடித்துவிட வேண்டுமென்று பலர் இருட்டிலேயே புறப்படுவதற்கு வெயில் மட்டும் காரணமன்று. புறப்படாமலே நின்றுவிட்டவர் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கும் இல்லை.

எள்ளுவோர் அறியாத செய்தி ஒன்று உண்டு. நடையில் எப்போதும் ஒரு காலாவது தரையில் ஊன்றியிருக்கும். ஓட்டத்திலோ இரு கால்களும் தரையை விட்டு நீங்கும் கணம் ஒன்று வரும். அக்கணம் கழிந்து கால் ஊன்றும்போது, தரை திருப்பித் தரும் விசை உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்காகும். 60 கிலோ எடையுள்ளவர் ஒவ்வோர் அடியிலும் தாங்குவது 120 முதல் 180 கிலோ. 112 கிலோ எடையுள்ளவர் தாங்குவது 224 முதல் 336 கிலோ. நிமிடத்திற்கு ஏறத்தாழ 160 அடிகள் என்று வைத்துக்கொண்டு பெருக்கிப் பார்த்தால் எண்ணிக்கை மலைக்கவைக்கும். செலவாகும் ஆற்றலும் அவ்வாறே. ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் தூரம் ஓடிக் கடத்த ஏறக்குறைய ஒரு கலோரி வேண்டும் என்பது உடலியலார் கணக்கு. ஒரே சாலை, ஒரே தொலைவு. மெலிந்தவர் 60 கலோரியில் முடித்த வேலையைப் பருத்தவர் 112 கலோரி செலவிட்டு முடிக்கிறார். உள்ளே பிறக்கும் வெப்பமும் மிகுதி. எடை பெருகிய அளவிற்குத் தோலின் பரப்பு பெருகுவதில்லை ஆதலின், அவ்வெப்பம் வெளியேறும் வழியோ குறைவு. உள்தொடைகள் உரசிப் புண்ணாகும். வாசலைனோ தேங்காயெண்ணெயோ தடவிக்கொண்டு புறப்படுவதை அனுபவம் கற்பிக்கும். நெஞ்சும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாண்களும் எலும்பும் பழகுவதற்கு மாதங்கள் ஆகும். மூச்சு இடங்கொடுக்கிறதே என்று மகிழ்ந்து தொலைவைக் கூட்டும் வேளையில்தான் முன்கால் எலும்பு வலிக்கத் தொடங்கும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பத்தாயிரம் மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே, சிறிது ஓடி, சிறிது நடந்து, மீண்டும் ஓடும் முறையைப் பின்னாளில் பரப்பினார். களைத்தபின் நடப்பதன்று அம்முறை; களைக்குமுன் நடப்பது. இடையே நடப்பதை இழுக்கென்று எண்ணுவோர் இதனை ஏற்பதில்லை. யாப்பில் சீர்கள் நிற்குமிடம் அறிந்தவர்க்கு இதில் இழுக்குத் தோன்றாது.

பொதுமக்கள் நலத்துக்காக மெல்ல ஓடும் வழக்கம் மிகப் பழையதன்று. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஓட்டப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், வயிறு பெருத்த நடுவயது வணிகரையும் இதயநோய் கண்டு மீண்டவரையும் மெல்ல ஓடவைத்தார். 1962-இல் அங்கே மெதுவோட்டக் கழகம் ஒன்று எழுந்தது. அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மேன் அங்குச் சென்றார். பிறரை ஓடவிட்டுக் கடிகாரம் பார்த்தே பழகிய அவருக்கு அப்போது ஐம்பது வயது கடந்திருந்தது. அவரும் அக்கழகத்தாருடன் ஓடினார். ஓட முடியாமல் பின்தங்கினார். எழுபது வயதைத் தாண்டிய, மாரடைப்புக்கு ஆளாகி மீண்ட ஒரு முதியவர் அவருக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டு உடன் ஓடினாராம். அங்கு எவரும் எவரையும் எள்ளவில்லை. உடன் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகமே சரியான வேகம் என்பது அக்கழகத்தின் விதி. பவர்மேன் ஊர் திரும்பி அவ்வழக்கத்தைப் பரப்பினார்; இதயநோய் மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து 1967-இல் நூலும் வெளியிட்டார். அவரே பின்னர் நைக்கி என்று பெயர்பெற்ற காலணி நிறுவனத்தைத் தோற்றுவித்த இருவருள் ஒருவர்.

அந்நைக்கிக் காலணி 1985 டிசம்பரில் எதிர்பாராத ஓரிடத்தில் தோன்றியது. மேற்கு ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்தில் பசுமைக் கட்சியைச் சேர்ந்த யோஷ்கா ஃபிஷர் சுற்றுச்சூழல் அமைச்சராகப் பதவியேற்றபோது, வெள்ளை நிற ஓட்டக் காலணி அணிந்து வந்து உறுதிமொழி கூறினார். நாடே அதைப் பேசிற்று. அக்காலணிகள் பின்னர் ஓஃபென்பாஹ் நகரின் தோல் அருங்காட்சியகத்திற்குச் சென்றன. ஆனால் அணிந்தவர் அன்று ஓட்டக்காரர் அல்லர். காலணி ஓர் எதிர்ப்பின் அடையாளம், அவ்வளவே. பத்தாண்டுகளில் அரசியலும் விருந்தும் மதுவுமாக அவர் உடம்பு பருத்தது. 1996-இல் எடை 112 கிலோ. அவ்வாண்டு மணவாழ்வும் முறிந்தது. அப்போதுதான் அவர் மெய்யாகவே ஓடத் தொடங்கினார்.

ரைன் ஆறு ஓடும் பான் நகரில் நாள்தோறும் ஓடினார். மதுவையும் கொழுப்பையும் விலக்கினார். ஏறத்தாழ ஓராண்டில் எடை 75 கிலோவாகக் குறைந்தது. 1998 ஏப்ரலில் ஹாம்பர்க் மாரத்தானை, 42.195 கிலோமீட்டரை, 3 மணி 41 நிமிடத்தில் ஓடி முடித்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சரானார். 1999-இல் அவர் எழுதிய நூல் வெளிவந்து பெரிதும் விற்பனையாயிற்று. நூலின் பெயரைத் தமிழில் ‘என்னை நோக்கிய என் நெடிய ஓட்டம்’ எனலாம்.

அந்நூலின் துணிவைக் குறைத்து மதிப்பிட இயலாது. நாடறிந்த அரசியல்வாதி, தன் தொந்தியையும் தனிமையையும் தானே எடுத்துக் காட்டுவது எளிதன்று. ஆயின் அத்தலைப்பைக் கவிஞர்கள் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். ‘என்னை நோக்கி’ ஓடியதாகச் சொல்கிறார். அப்படியாயின் ஓட்டம் தொடங்கிய இடத்தில் நின்ற 112 கிலோ மனிதர் யார்? ஊர் அறிந்த பேச்சாளராக, கட்சியின் முன்னணித் தலைவருள் ஒருவராக வாழ்ந்தவர் அவரல்லரோ? எடை குறைந்த பின்னரே ‘தான்’ கிடைத்தது என்றால், முதல் நாள் காலையில் காலணி நாடாவைக் கட்டக் குனிந்த அக்கனத்த மனிதர் அடித்துத் திருத்தப்பட வேண்டிய ஒரு பிழைப்படியாகிவிடுகிறார். அந்தக் கதையில் மிக அரிய செயலைச் செய்தவர் அவர்தாம். மாரத்தான் ஓடிய மெலிந்தவருக்குப் பழக்கம் துணையிருந்தது; முதல் நாள் ஓடிய பருத்தவருக்கு ஒன்றும் துணையில்லை. வாழ்க்கையோ நூலோடு முடிவதில்லை. பின்னாளில் ஃபிஷரின் உடம்பு மீண்டும் பருத்தது. இதழ்கள் பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வெளியிட்டன. எடை திரும்பியது என்பதால் ஹாம்பர்க் ஓட்டம் நிகழாததாகிவிடுமா? தலைப்பை அப்படியே நம்பினால் ஆகிவிடும். அதுவே அத்தலைப்பின் குறை.

அதே எடையில் தொடங்கி வேறு திசையில் செல்லும் ஒரு கதை அமெரிக்காவிலிருந்து கிடைக்கிறது. மிர்னா வலேரியோ 1975-இல் பிறந்தவர். நியூயார்க்கின் புரூக்லினில் வளர்ந்த கறுப்பினப் பெண்மணி. ஜார்ஜியா மாநிலத்தின் மலையடிவாரத்தில் விடுதிப்பள்ளி ஒன்றில் ஸ்பானிய மொழியும் இசையும் கற்பித்து, மாணவர்க்கு ஓட்டப் பயிற்சியும் அளித்தவர். பள்ளிப் பருவத்தில் ஓடிய அவர் இடையில் பணியிலும் பயணத்திலும் மூழ்கி ஓட்டத்தை விட்டுவிட்டார். 2008-இல் சிறு மகனுடன் காரோட்டிச் செல்கையில் நெஞ்சில் வலி கண்டது. வாழ்முறையை மாற்றாவிட்டால் மகன் வளர்வதைக் காண முடியாது என்ற பொருளில் மருத்துவர் எச்சரித்தார். அவர் மீண்டும் ஓடத் தொடங்கினார். மாரத்தான்கள் ஓடினார், அதனினும் நெடிய மலைப்பாதை ஓட்டங்களையும் ஓடி முடித்தார். இதழ்கள் அவரைக் கண்டுகொண்டு எழுதியபோது அவர் எடை 250 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 113 கிலோ. ஃபிஷர் எந்த எடையிலிருந்து தப்பி ஓடினாரோ, அந்த எடையிலேயே இவர் நெடுந்தொலைவு ஓடினார்.

2011-இல் தம் ஓட்டக் குறிப்புகளை எழுதத் தொடங்கியபோது அவற்றுக்கு அவர் இட்ட பெயர் ‘குண்டுப்பெண் ஓடுகிறாள்’ என்னும் பொருளுடையது. தெருவோரத்தில் பிறர் கூவக்கூடிய சொல்லைத் தாமே எடுத்துத் தலைப்பாகச் சூட்டிக்கொண்டார். பேராசிரியர் குறித்த இரண்டாம் நகை இதுவே. அதை எழுத்தில் வைப்பதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும். எள்ளல் அதனோடு நிற்கவில்லை. அவர் ஓட்டக்காரரே அல்லர், ஏமாற்றுகிறார் என்னும் போக்கில் வசைக் கடிதம் வந்தது. 2017-இல் அவரைப் பற்றி வெளிவந்த குறும்படத்தில் அக்கடிதத்தை அவரே தம் குரலில் படிக்கிறார். பாட்டுப் பயிற்சி பெற்ற குரல் அது. வசையும் அக்குரலில் வலுவிழக்கிறது. அதே ஆண்டு அவர் நூலும் வந்தது. தலைப்பின் பொருள், ‘நடந்துகொண்டிருக்கும் ஓர் அழகிய பணி’. ஃபிஷரின் தலைப்பில் ஓட்டத்திற்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. வலேரியோவின் தலைப்பில் பணி முடியவில்லை. முடியாமலே அழகாயும் இருக்கிறது.

மெலியாவிட்டால் ஓடி என்ன பயன் என்ற வினா எழும். 2014-இல் அமெரிக்க இதயவியல் கல்லூரியின் ஆய்விதழில் 55,137 பேரைச் சராசரியாகப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு வெளிவந்தது. ஓடுவோரிடையே எக்காரணத்தாலும் நேரும் இறப்பு 30 விழுக்காடும், இதய, இரத்தக்குழாய் நோய்களால் நேரும் இறப்பு 45 விழுக்காடும் குறைந்திருந்தன. நாளொன்றுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் மெல்ல ஓடினாலும் நன்மை காணப்பட்டது. உடல் பருமன் வேறுபட்டாலும் அந்நன்மை மாறவில்லை. ஓடுவோர் பிற வகையிலும் நலம் பேணுவோராய் இருந்திருக்கலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எனினும் எடைக்கருவியின் முள் அசையாததால் ஓட்டம் வீணென்று சொல்வதற்கு அவ்வாய்வு இடந்தரவில்லை.

இன்னும் ஒன்று எஞ்சியுள்ளது. அந்த வசைக் கடிதத்தின் உள்ளே கிடந்த வாதம்: இவ்வளவு மெதுவாகச் செல்வது ஓட்டமாகுமா? தமிழ்க் கவிஞர்க்கு இவ்விடத்தில் நெருங்கிய உறவினர் ஒருவர் உண்டு, அவர் யானையார். கனத்த நடையைத் தமிழ் மரபு என்றும் எள்ளியதில்லை. மகளிர் நடைக்கு அன்னத்தோடு பிடியையும் உவமையாக்கிற்று. வீரர் செலவுக்குக் களிற்றை உவமையாக்கிற்று. அந்த யானை ஓடுமா, ஓடாதா என்பதே அறிவியலார்க்கு நெடுநாள் ஐயமாக இருந்தது. எவ்வளவு விரைந்தாலும் நான்கு கால்களும் ஒருசேரத் தரையைவிட்டு எழுவதில்லை. ஆகவே அது நடைதான் என்றனர். தாய்லாந்தில் 42 யானைகளின் உடம்பில் புள்ளியிட்டு, விரையவிட்டுப் படமெடுத்த ஆய்வின் முடிவு 2003-இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. யானைகள் மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வேகம் வரை சென்றன. அப்போதும் ஒரு கால் தரையிலேயே இருந்தது. ஆனால் இடுப்பும் தோளும் அசைந்த முறையை அளந்தபோது, அது முற்றிலும் நடைக்குரிய அசைவாக இல்லை. ஓட்டத்திற்குரிய துள்ளல் உள்ளே இருந்தது. பழைய இலக்கணத்தால் மட்டும் ஓட்டத்தை அளக்கலாகாது என்று ஆய்வாளர் எழுதினர். தரையைப் பிரியாமலே யானை ஓடிக்கொண்டிருந்தது. பார்த்திருந்தவர்க்குத்தான் அதை ஓட்டமென்று சொல்லத் தெரியவில்லை.