பேய் சொன்ன சோழர் கதை

பம்மலிலிருந்து வந்து பேசுகிறேன். கலிங்கத்துப்பரணியின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். திறை கட்டாத கலிங்க மன்னன்மேல் முதலாம் குலோத்துங்கன் காஞ்சியிலிருந்து கருணாகரத் தொண்டைமானை ஏவினான்; தொண்டைமான் வென்று வந்தான்; செயங்கொண்டார் பாடினார். ஆகவே கதைக்குள் போகவில்லை.

இப்போது எங்கே திரும்பினாலும் சோழர் பேச்சு. சந்தோஷம்தான். ஆனால் பரணியை எடுப்பவர்கள் சோழர் பரம்பரையைச் சொல்லும் ‘இராச பாரம்பரியம்’ பகுதியை மட்டும் பிய்த்து, எது உண்மை, எது புனைவு என்று கோடு போடுகிறார்கள். நூலில் வரும் பேய்களை ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. அந்தப் பரம்பரைக் கதையை நமக்குக் கொண்டுவந்ததே ஒரு பேய்தானே! நாரதர் சொல்லக் கரிகாலன் இமயத்தில் பொறித்துவைத்தான். முதுபேய் அதைப் பார்த்துவந்து காளிக்குச் சொல்கிறது. பின்னால் பிறக்கப்போகும் குலோத்துங்கனும் அதில் இருக்கிறான்.

ரோமாபுரிக் கவிஞர் வெர்ஜிலும் இதே வழியில்தான் போனார். அவருடைய காவியத் தலைவன் ஈனியஸ், கீழுலகில் இறந்த தந்தையைச் சந்திக்கிறான். இனிப் பிறக்கப்போகும் ரோமானியர்களை, அகஸ்டஸ் வரைக்கும், தந்தை வரிசையாகக் காட்டுகிறார். அகஸ்டஸ் உள்நாட்டுப் போர்களைக் கடந்து ஆட்சியைப் பிடித்தவர். குலோத்துங்கனோ வேங்கிச் சாளுக்கியரின் மகன். தாய்வழியில் ராஜேந்திர சோழனின் பேரன். 1070இல் குழப்பத்துக்கு நடுவே அரியணை ஏறியவன். இருவருக்கும் பழைய வேர் ஒன்று வேண்டியிருந்தது. புனைவைக் கழித்துவிட்டால் அந்தத் தவிப்பும் சேர்ந்து கழிந்துபோகும். மறுபடியும் சொல்கிறேன்: புனைவைக் கழித்தால் அரசனின் தவிப்பும் போய்விடும்.

ஆனால் நான் சொக்கிப்போவது செயங்கொண்டாரின் சந்தத்தில். ஒவ்வொரு தாழிசையும் இரண்டே அடி. இடத்துக்கு இடம் சந்தம் மாறும். போர்க்களம் வந்ததும் சீர்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றன, சொல் இரட்டிக்கிறது, மூச்சு வாங்க இடமில்லை. இதைக் கண்ணால் படித்துப் பயனில்லை. காதால் கேட்க வேண்டும்.

எங்கள் மொட்டை மாடியில் மாலையில் பிள்ளைகளுக்குப் பரணி சொல்லித் தருகிறேன். மீனம்பாக்கத்து விமானம் தலைக்கு மேலே இரையும், எல்லோரும் நிறுத்துவோம். ஒருநாள் போர்ப் பகுதியைப் படித்த பையன் நிறுத்தவில்லை. இன்னும் ஓங்கிப் படித்தான். பாதிச் சொற்களுக்கு அவனுக்குப் பொருள் தெரியாது. ஆனால் யானை மோதும் இடமும் குதிரை பாயும் இடமும் தெரிந்திருந்தன, கையாலேயே காட்டினான். சந்தம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

தோற்ற கலிங்கர் தப்பிக்கும் காட்சியைப் பாருங்கள். ஒருவன் வில்லின் நாணைப் பூணூலாக மாட்டிக்கொள்கிறான், இன்னொருவன் தலைமயிரைப் பறித்துச் சமணத் துறவியாகிறான். போரின் பயத்தை எந்தக் கல்வெட்டு இப்படிக் காட்டும்?

ஒட்டக்கூத்தரின் தக்கயாகப்பரணியும் பெரிய நூல்தான். இருந்தாலும் எனக்குச் செயங்கொண்டார்தான். வெர்ஜிலை எதிரில் நிறுத்தினாலும் செயங்கொண்டார்தான்.

ஆகவே நேயர்களே, பரணியைத் துண்டு போடாதீர்கள். ‘கடை திறப்பு’ தொடங்கி, பேய்கள் கூழ் அட்டு உண்டு குலோத்துங்கனை வாழ்த்தும் ‘களம் பாடியது’ வரை முழுதாகப் படியுங்கள். வீட்டில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேளுங்கள். வாய்விட்டுப் படியுங்கள்.