பென்சிலுக்கு முன்னால் மாவு

ஜூன் மாதம் பள்ளி திறந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு போராட்டம் தொடங்கிவிடும். மூன்றரை வயதுப் பிள்ளையை உட்கார வைத்து, கையைப் பிடித்து 'அ' எழுத வைப்போம். பிள்ளை பென்சிலை முஷ்டிக்குள் பிடிக்கும். இரண்டு வரி முடிவதற்குள் "கை வலிக்குதும்மா" என்னும். சாக்குச் சொல்கிறது என்று நினைக்கிறோம். இல்லை, உண்மையைத்தான் சொல்கிறது.

நம் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை எட்டும் வெறும் குருத்தெலும்புதான். வருடக்கணக்கில் ஒவ்வொன்றாக எலும்பாகின்றன. கடைசி ஒன்று அப்படி மாறத் தொடங்கவே ஏறக்குறைய எட்டு, பத்து வயது ஆகிவிடும். உள்ளங்கையின் சின்னத் தசைகளும் மெல்ல மெல்லத்தான் வலுப்படும். அப்படிப்பட்ட கைக்கு முதலில் வேண்டியது பிசைகிற வேலை. எழுதுகிற வேலை அப்புறம் வரலாம்.

கடைகளில் வண்ண வண்ண டப்பாக்களில் 'பிளே டோ' என்று விற்கிறார்களே, அந்த விளையாட்டு மாவைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அது பிள்ளைகளுக்காகப் பிறந்த பொருளே அல்ல. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில் ஒரு கம்பெனி அதைச் சுவர் துடைக்கத் தயாரித்தது. அந்தக் காலத்தில் அங்கே குளிருக்கு நிலக்கரி எரிப்பார்கள். சுவரில் ஒட்டிய காகிதத்தில் கரி படியும். இந்த மாவை உருட்டித் தேய்த்தால் கரி ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எண்ணெய் அடுப்பும் எரிவாயுவும் வந்தன, தண்ணீரில் கழுவக்கூடிய சுவர்க்காகிதமும் வந்தது. வியாபாரம் படுத்துவிட்டது. கம்பெனியை நடத்திய ஜோ மெக்விக்கரின் உறவுக்காரப் பெண் கே ஸூஃபால் ஒரு மழலையர் பள்ளி ஆசிரியை. களிமண் சின்னக் கைகளுக்கு மிகவும் கெட்டியாக இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். இந்த மாவைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார். 1956இல் அது விளையாட்டுப் பொருளாகக் கடைக்கு வந்தது. பெயர் வைத்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. இந்த மாவு பிள்ளைகளுக்கு உதவும் என்பது வகுப்பறையில் நிற்கிறவர் கண்ணுக்குத்தான் பட்டது. முதலாளி கண்ணுக்குப் படவில்லை.

இந்த மாவு கைக்கு என்ன செய்கிறது? பிசையும்போது உள்ளங்கை முழுவதும் உழைக்கிறது. எள்ளுருண்டை அளவுக்குக் கிள்ளி உருட்டும்போது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்கின்றன. நாளைக்குப் பென்சிலைப் பிடிக்கப்போவதும் அந்த மூன்றுதான். பரணில் கிடக்கும் பழைய முறுக்கு அச்சைக் கொடுத்துப் பாருங்கள், இரண்டு கையாலும் அழுத்திப் பிழிந்து தள்ளுவார்கள். கழுவுவது மட்டும் உங்கள் பாடு.

கையோடு மூளையும் வேலை செய்கிறது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே செய்த சோதனை ஒன்றை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரே அளவில் இரண்டு உருண்டை பிடியுங்கள். "இரண்டும் சமமா?" என்று ஐந்து வயதுப் பிள்ளையிடம் கேளுங்கள், ஆமாம் என்னும். அதன் கண் முன்னாலேயே ஒன்றைப் பாம்பாக நீட்டிவிட்டு மறுபடி கேளுங்கள். பாம்பில்தான் மாவு அதிகம் என்று பெரும்பாலான பிள்ளைகள் அடித்துச் சொல்வார்கள். ஏழு வயதுவாக்கில் இந்த மயக்கம் தெளியும். வாயால் சொல்லித் திருத்தினால் ஏறாது. பாம்பைத் திரும்ப உருட்டி, அதே உருண்டை வருவதைத் தானே பார்க்கிற வாய்ப்பை மாவு தருகிறது.

பெரியவர்களாகிய நாம் செய்கிற கெடுதல் ஒன்றுண்டு. பக்கத்தில் உட்கார்ந்து, "இங்கே கொடு" என்று வாங்கி, தும்பிக்கை, தந்தம், வால் எல்லாம் வைத்து அழகான யானை செய்து கொடுத்துவிடுவோம். அதைப் பார்த்த பிள்ளை, "எனக்கு வராது, நீங்களே செய்யுங்க" என்று ஒதுங்கிவிடும். "இது என்ன?" என்று விசாரணையும் வேண்டாம். சும்மா நசுக்குவதும் விளையாட்டுத்தான்.

டப்பா வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. இரண்டு கப் மைதா, ஒரு கப் தூள் உப்பு, இரண்டு கரண்டி எண்ணெய். வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கையில் ஒட்டாத சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசையுங்கள். மஞ்சளுக்கு மஞ்சள் தூள், சிவப்புக்குப் பீட்ரூட் சாறு. மூடி வைத்தால் சில நாள் தாங்கும். மழைக்காலத்தில் உப்பு நீர் கோத்துப் பிசுபிசுக்கும், ஒரு பிடி மைதா தூவினால் சரியாகிவிடும். வாடை வந்தால் தூக்கிப் போடுங்கள்.

இத்தனை உப்பு உள்ள மாவைத் தின்பது ஆபத்து. ஆகவே எதையும் வாயில் போடுகிற வயதுப் பிள்ளையிடம் இதைக் கொடுக்காதீர்கள். மற்றப் பிள்ளைகள் விளையாடும்போதும் பக்கத்தில் ஒருவர் இருங்கள். கோதுமை ஒவ்வாத பிள்ளைக்கு மைதாவுக்குப் பதில் அரிசி மாவில் செய்யலாம். கொஞ்சம் உதிரும், பரவாயில்லை.

மழலையர் வகுப்பு ஆசிரியைகளுக்கு ஒரு வேண்டுகோள். எல்.கே.ஜி. பிள்ளைக்கு இரண்டு பக்கம் எழுதிவரச் சொல்லி அனுப்பும் வீட்டுப்பாடத்தை இந்த ஒரு பருவத்துக்கு நிறுத்திப் பாருங்கள். அதற்குப் பதிலாக, தினமும் அரை மணி நேரம் மாவைக் கொடுங்கள். பெற்றோர் வந்து கேட்டால், மணிக்கட்டு எலும்புக் கதையை அவர்களுக்கும் சொல்லுங்கள்.