அந்த இரண்டு மணி நேரம்



போன வருடம் இதே நூலக வார விழாவில் நான் பேசுவதாக இருந்தது. அழைப்பிதழில் பெயரும் அச்சாகிவிட்டது. ஆனால் அன்றைக்கு நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நெஞ்சில் தையலோடு கிடந்தேன். ஆகவே இன்று இலக்கியம் பேசப்போவதில்லை. அனுமதி கொடுங்கள்.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு அது நடந்தது. ராத்திரி பதினொன்றரைக்கு ஜவுளிக் கடை ஷட்டரை இழுத்துப் பூட்டும்போது, நடுநெஞ்சில் அம்மிக் கல்லை ஏற்றி வைத்ததுபோல் ஓர் அழுத்தம். இடது தோள், தாடை வரைக்கும் வலி ஏறியது. வீட்டுக்கு வந்து, 'வாயு' என்று நானே முடிவு கட்டினேன். என் மனைவி ஓமத்தண்ணீர் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். சோடா குடித்தேன். மோரில் பெருங்காயம் கரைத்துக் குடித்தேன். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுகிறது. பனியனைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும், அப்படி வேர்க்கிறது. "ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமே" என்று மூன்று தடவை கெஞ்சினாள். "காலையில கடை திறக்கணும், பேசாமப் படு" என்று அதட்டினேன். இரண்டு மணி நேரம் போனது. கடைசியில் என்னைக் கேட்காமலே 108-க்குப் போன் செய்தாள். அதனால்தான் இந்த ஒலிவாங்கி முன்னால் நிற்கிறேன்.

அந்த இரண்டு மணி நேரமும் எனக்குள்ளே என்ன நடந்தது? இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் ரத்தம் உறைந்து வழியை அடைத்துவிட்டது. அந்தக் குழாயை நம்பியிருந்த தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருந்தது. செத்த தசை மறுபடி உயிர்க்காது, தழும்பாகிவிடும். என் இதயத்தின் ஒரு பக்கம் இன்றைக்கும் சரியாகச் சுருங்குவதில்லை. அது நோய் தந்ததல்ல. நான் தள்ளிப்போட்ட நேரம் தந்தது.

என் அப்பா 1971-இல் திண்ணையில் உட்கார்ந்தபடியே போனார். நான் சிறுபையன். "வாயுதான், இப்பச் சரியாயிடும்" என்று பாட்டி அவர் முதுகை நீவிக்கொண்டே இருந்தார். அடைப்புக்கான அறுவை அப்போது நம் நாட்டுக்கு வந்திருக்கவில்லை. அர்ஜென்டினாவில் பன்னிரண்டு வருடம் கிராமத்து வைத்தியராக இருந்த ரெனே ஃபவலோரோ, அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் காலிலிருந்து ரத்தக் குழாயை எடுத்து இதயத்தில் ஒட்டுப் போட்டு, அடைப்பைச் சுற்றிப் புதுவழி விடும் பைபாஸ் அறுவையைச் செய்தது 1967-இல். இந்தியாவில் முதல் பைபாஸ், சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம்.செரியன் கையால் 1975-இல்தான் நடந்தது. அப்பாவுக்கு வழி இல்லை, போனார். எனக்கு எல்லா வழியும் இருந்தது. நான் ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கும் அந்தப் பைபாஸ் அறுவைதான் நடந்தது. அது முடிந்தபிறகு படுகிற பாட்டையும் சொல்ல வேண்டும். நெஞ்செலும்பைப் பிளந்து, எஃகுக் கம்பியால் கட்டியிருப்பார்கள். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொண்டுதான் இரும முடியும். மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார்கள். மூச்சின் பலத்துக்கு ஏற்ப ஒவ்வொரு பந்தாக எழும்பும். முதல் நாள் ஒரு பந்துகூட அசையவில்லை. மூன்றாவது பந்து எழும்பிய அன்று வார்டு நர்ஸம்மா கைதட்டினார். வீட்டுக்கு வந்தபின் காரணமே இல்லாமல் அழுகை வந்தது, சாயங்காலமானால் பயம். இந்த மனச்சோர்வு இதய அறுவை ஆன பலருக்கும் வருவதுதான், மருத்துவரிடம் தயங்காமல் சொல்ல வேண்டியதுதான். அது தெரியாமல் ஒரு மாதம் யாரிடமும் சொல்லாமல் கிடந்தேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, நண்பர்களே. ஜன்னல் வரை நடந்தேன், பிறகு வாசல் வரை, பிறகு தெருமுனை வரை. இன்று இந்த மண்டபத்துக்கும் நடந்தேதான் வந்தேன்.

நம் தமிழ்நாட்டில் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டம் நடக்கிறது. மாரடைப்பு அறிகுறியோடு போனால், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பதினான்கு மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள நிலையம் எது என்று இன்றைக்கே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நெஞ்சு வலிக்காமலே மாரடைப்பு வரலாம். பெண்களுக்கு வெறும் மூச்சிரைப்பும் அசதியுமாக வரலாம். "வேலை அதிகம்" என்று சமையலறையிலேயே நின்றுவிடாதீர்கள்.

தாய்மார்களே, வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாயு என்று சொன்னால் நம்பாதீர்கள். அதட்டினாலும் கேட்காதீர்கள். 108-க்கு அழையுங்கள்.