ஓட்டுநர் இல்லாத ரயிலும் நம் பிள்ளைகளின் படிப்பும்



"சிஸ்டம்ஸ் எஞ்சினியரிங்னா என்னங்க, கம்ப்யூட்டர் ரிப்பேரா?" என்று ஒரு தாயார் வாசலிலேயே கேட்டார். நியாயமான கேள்வி.

செம்பனைக் குலையை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுகிறவர் நன்றாக வெட்டுகிறார். லாரியும் நல்ல லாரி, ஆலையும் நல்ல ஆலை. ஆனால் லாரி வரும் நேரமும் ஆலை ஓடும் நேரமும் பொருந்தவில்லை என்றால்? குலை கிடந்து, எண்ணெயில் அமிலம் ஏறி, விலை போய்விடும். தனித்தனியே எல்லாம் சரி. சேரும் இடம்தான் கோளாறு. அந்தச் சேரும் இடத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்ப்பதே இந்தப் படிப்பு. தமிழில் அமைப்பு முறைப் பொறியியல் எனலாம்.

நம் பிரிக்பீல்ட்ஸுக்கு வருவோம். ரயில்வே யார்டு இருந்த இடத்தில்தான் 2001-இல் கே.எல். சென்ட்ரல் எழுந்தது. இந்த நாட்டில் தண்டவாளம் போட்டவர்களில் எத்தனையோ பேர் நம் பாட்டன்மார்! இன்று அவ்வழியே போகும் கிளானா ஜெயா எல்.ஆர்.டி. 1998-இல் தொடங்கியது. எங்கே வேகம் குறைய வேண்டும், முன்னால் போகும் ரயிலுக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது.

அதே தடத்தில், 2021 மே 24 இரவு, கே.எல்.சி.சி. அருகே சுரங்கத்தில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. ஒன்று பயணிகளோடு தானாக ஓடியது. மற்றொன்று காலி ரயில். ஆள் கையால் ஓட்டியது. 213 பேர் காயமுற்றார்கள். ஓட்டியவரைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். நம் பொறியாளர் கேட்பது வேறு: கைக்கு மாறிய ரயில் எந்தத் திசையில் நகருகிறது என்று கட்டுப்பாட்டு அறைக்கு எப்படித் தெரியும்? இன்னொருவர் சரிபார்க்காமல் அது நகரலாமா? இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் ஐயா சம்பளம்!

கிள்ளான் துறைமுகம், சிப்பாங் விமான நிலையம், மின்சாரம், குடிநீர், மருத்துவமனை என்று இந்த வேலைக்கு இடம் பல.

படிப்புக்கு வருகிறேன். எஸ்.பி.எம்.-இல் பௌதிகமும் கூடுதல் கணிதமும் வேண்டும். "கஷ்டம்" என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக நான்காம் படிவத்திலேயே கூடுதல் கணிதத்தைக் கைவிடுகிற பிள்ளைகள் உண்டு. அங்கேதான் கதவு சாத்திக்கொள்கிறது. பெற்றோர்களே, அந்த ஒரு பாடத்தை மட்டும் விடவிடாதீர்கள். பிறகு மெட்ரிகுலேஷனோ எஸ்.டி.பி.எம்.-மோ, பாலிடெக்னிக் டிப்ளோமா வழியாகவும் பட்டத்துக்குப் போகலாம். பட்டத்தின் பெயரில் "சிஸ்டம்ஸ்" இருந்தே ஆக வேண்டுமென்பதில்லை. மின்னியல், இயந்திரவியல், கணினி எதைப் படித்தவரும் இத்துறைக்கு வரலாம். பணம் கட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள்: அந்தப் பட்டத்துக்கு மலேசியப் பொறியாளர் வாரியத்தின் அங்கீகாரம் உண்டா? விளம்பரத் தாள் பளபளப்பாக இருந்தால் போதாது.

வரும் விடுமுறையில் பிள்ளையை அந்த எல்.ஆர்.டி.யில் ஏற்றி, முதல் பெட்டியின் முன்கண்ணாடி ஓரம் நிறுத்துங்கள். "அப்பா, இது எப்படித் தானா நிக்குது?" என்று கேட்டால் அதட்டாதீர்கள். பதில் தெரியாவிட்டால் ஆசிரியரிடம் அனுப்பி வையுங்கள்.