அக்சஸ் பாயிண்டைக் கண்டறியும் ஸ்விட்ச்: அமைப்பதும் காப்பதும்

(ஜமாஅத் இளைஞர்களுக்கான தொழில்நுட்ப வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பள்ளிக்கூடம், மருத்துவமனை, விடுதி என எங்குச் சென்றாலும் கூரையில் வெண்மையான தட்டுப் போன்ற கருவி ஒன்று பொருத்தப்பட்டிருப்பதைக் காண்கிறோம். அதுவே வைஃபை வழங்கும் அக்சஸ் பாயிண்ட். அதிலிருந்து புறப்படும் கேபிள் சென்று சேரும் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். நம் இளைஞர்கள் சிலர் இக்கருவிகளை நிறுவும் பணியை நாடுகின்றனர். பெரியோர்கள் சிலர் இவற்றை விலை கொடுத்து வாங்கும் நிறுவனங்களை நிர்வகிக்கின்றனர். இருசாராரும் அறிய வேண்டிய செய்தி இது என்பதால் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன்.

வீட்டில் ஒரே ஒரு ரவுட்டர் இருந்தால் அதைக் கையால் அமைத்துவிடலாம். நாற்பது அக்சஸ் பாயிண்டுகள் கொண்ட கட்டடத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியே அமைப்பது இயலாது. இயன்றாலும் பிழை நேரும். எனவே அவை அனைத்தையும் கண்ட்ரோலர் என்னும் ஒரே தலைமையின் கீழ் வைக்கின்றனர். சில வகைகளில் இந்தக் கண்ட்ரோலர் ஸ்விட்சின் உள்ளேயே இருக்கும். சிலவற்றில் தனிக் கருவியாக இருக்கும். புதிதாக வந்த அக்சஸ் பாயிண்டும் தலைமையும் ஒன்றையொன்று கண்டுகொள்வதையே கண்டறிதல் என்கிறோம். அது நான்கு படிகளில் நிகழ்கிறது.

முதற்படி மின்சாரம். தரவு செல்லும் அதே கேபிளில் ஸ்விட்ச் மின்சாரத்தையும் அனுப்புகிறது. ஆனால் எடுத்த எடுப்பிலேயே முழு அழுத்தத்தையும் அனுப்பிவிடுவதில்லை. முதலில் மிகக் குறைந்த மின்னழுத்தம் கொடுத்து, மறுமுனையில் ஏறத்தாழ 25 கிலோ ஓம் மின்தடை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால்தான் அது மின்சாரம் ஏற்கும் கருவி எனத் தெளிந்து அனுப்பும். 2003ஆம் ஆண்டின் 802.3ஏஎஃப் தரம் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரையிலும், 2009ஆம் ஆண்டின் 802.3ஏடி தரம் 30 வாட் வரையிலும் வழங்கின. 2018இல் வந்த 802.3பிடி தரம் இதனினும் கூடுதலாக வழங்குகிறது.

ஸ்விட்ச் வாங்குவோர் இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 24 போர்ட்டுகள் கொண்ட ஒரு ஸ்விட்ச் மொத்தம் 370 வாட் மட்டுமே வழங்கக் கூடியது எனக் கொள்வோம். போர்ட்டுக்கு 15.4 வாட் என்றால் 24 போர்ட்டுக்கும் போதும். 30 வாட் என்றாலோ 12 போர்ட்டுக்கே போதும். எத்தனை போர்ட் என்று மட்டும் கேட்டு வாங்கினால், பதின்மூன்றாவது அக்சஸ் பாயிண்டை மாட்டும்போது தொல்லை தொடங்கும்.

இரண்டாம் படி அறிமுகம். எல்.எல்.டி.பி. என்னும் பொது நெறிமுறை 2005இல் ஐ.இ.இ.இ. அமைப்பால் தரப்படுத்தப்பட்டது. இதன்படி ஒவ்வொரு கருவியும், வழக்கமாக 30 விநாடிகளுக்கு ஒருமுறை, தன் பெயர், தன் வகை, எந்தப் போர்ட் என்னும் விவரங்களை அண்டைக் கருவிக்கு மட்டும் அறிவிக்கும். ஸ்விட்சில் இதனை இயக்கிவிட்டால், எந்தப் போர்ட்டில் எந்த அக்சஸ் பாயிண்ட் உள்ளது என்பது பட்டியலாகத் தெரியும். ஏணி வைத்துக் கூரை ஏறிப் பார்க்க வேண்டிய தேவை பெரிதும் குறையும்.

மூன்றாம் படி முகவரி. அக்சஸ் பாயிண்டுகளுக்கென்று தனி வீலேன் ஒன்றை ஸ்விட்சில் உருவாக்கி, அதில் டி.எச்.சி.பி. மூலம் ஐ.பி. முகவரி கிடைக்கச் செய்ய வேண்டும். மாணவர், அலுவலகம், விருந்தினர் ஆகியோருக்கான வீலேன்கள் இதிலிருந்து வேறாக இருத்தல் நலம்.

நான்காம் படி தலைமையைத் தேடுதல். 2009இல் வெளியான கேப்வாப் நெறிமுறையின்படி, அக்சஸ் பாயிண்ட் "இங்கே கண்ட்ரோலர் உண்டா?" என்று தன் வீலேன் முழுவதற்கும் குரல் கொடுக்கும். கண்ட்ரோலர் அதே வீலேனில் இருந்தால் விடை கிடைக்கும். வேறு வீலேனில் இருந்தால் அக்குரல் ரவுட்டரைத் தாண்டாது. அப்போது டி.எச்.சி.பி. வழங்கும் தகவலிலேயே கண்ட்ரோலரின் முகவரியைச் சேர்த்தனுப்ப வேண்டும். அதற்கென உள்ளவையே 43, 138 என்னும் ஆப்ஷன் எண்கள். இவற்றுள் 43ஐ எழுதும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். கையேட்டைப் பாராமல் எழுதுதல் கூடாது. இடையே ஃபயர்வால் இருந்தால் யு.டி.பி. 5246, 5247 ஆகிய இரண்டையும் திறந்து வைக்க வேண்டும்.

விளக்கு எரிகிறது, ஆனால் கண்ட்ரோலர் பட்டியலில் கருவி வரவில்லை என்பது அடிக்கடி எழும் முறையீடு. அந்நிலையில் இதே வரிசையில் சோதியுங்கள். மின்சாரம் போதுமா? எல்.எல்.டி.பி. பட்டியலில் தெரிகிறதா? சரியான வீலேனில் ஐ.பி. முகவரி பெற்றதா? கண்ட்ரோலரின் முகவரி அதற்குத் தெரியுமா? இவை நான்கும் சரியாக இருந்தால் கண்ட்ரோலரின் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி தவறாக இருப்பின் சான்றிதழ் செல்லாததாகி இணைப்பு மறுக்கப்படும்.

சகோதரர்களே, இனி நான் கூறப்போவதே இவ்வுரையில் முதன்மையானது. கண்டறிதல் வேறு, அனுமதித்தல் வேறு. வாசலில் நிற்பவர் தம் பெயரைச் சொன்னார் என்பதற்காக வீட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவதில்லை. எல்.எல்.டி.பி. அறிவிப்பில் எந்தக் கருவியும் தன்னை அக்சஸ் பாயிண்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். மேக் முகவரியையும் போலியாக அமைக்க இயலும். ஆதலால் கண்டவுடன் தானாகச் சேர்த்துக்கொள்ளும் வசதியை நிறுவும் நாளோடு நிறுத்திவிட்டு, அதன்பின் வருவதை நிர்வாகி பார்த்து ஒப்புதல் அளிக்கும்படி வையுங்கள். இயன்ற இடங்களில் 802.1எக்ஸ் முறையில் சான்று கேளுங்கள். பயன்படாத போர்ட்டுகளை மூடுங்கள். யாரோ ஒருவர் நல்லெண்ணத்துடன் கொண்டு வந்து மாட்டும் மலிவான ரவுட்டர், தானே முகவரிகளை வழங்கத் தொடங்கி அலுவலகம் முழுவதையும் முடக்கிவிடக்கூடும். டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங் என்னும் அமைப்பு அதனைத் தடுக்கும்.

இது வெறும் அச்சுறுத்தலன்று. அமெரிக்காவின் டி.ஜே.எக்ஸ். என்னும் பெரும் கடை நிறுவனம், தன் கணினிகளில் ஊடுருவல் நிகழ்ந்ததை 2007 ஜனவரியில் அறிவித்தது. 4 கோடியே 57 லட்சம் அட்டை எண்கள் களவு போனதாகப் பின்னர் அது தெரிவித்தது. கடையின் வயர்லெஸ் இணைப்பில் வலுவற்ற பழைய குறியாக்கம் இருந்ததே ஊடுருவியோருக்கு வழியாயிற்று. ஒரு கடையின் வயர்லெஸ் வாசல் காக்கப்படாமற் போக, கோடிக்கணக்கானோர் அல்லலுற்றனர். நம் பள்ளிப் பிள்ளைகளின் விவரங்களும், நோயாளிகளின் குறிப்புகளும், நன்கொடையாளர் கணக்குகளும் அதே போன்ற கம்பிகளில்தான் செல்கின்றன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நம் அக்சஸ் பாயிண்டுகள் சுற்றியுள்ள வைஃபை அனைத்தையும் கேட்டு, அறியாதவற்றைப் பட்டியலிடும். அப்பட்டியலில் அண்டை வீட்டாரின் இணைப்பும் இருக்கும். முதலில் அது நம் ஸ்விட்சில் மாட்டப்பட்டதா என்று பாருங்கள். நம்முடையதில் மாட்டப்படாததை முடக்கும் உரிமை நமக்கில்லை. நாஷ்வில் நகர ஓட்டல் ஒன்றில் விருந்தினரின் சொந்த வைஃபை இணைப்புகளைத் துண்டித்ததற்காக மாரியட் நிறுவனம் 2014இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்துக்கு 6 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. தன் வீட்டைக் காப்பது கடமை. அண்டை வீட்டாரின் விளக்கை அணைப்பது அத்துமீறல்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். எந்தப் போர்ட்டில் எது, எந்த வீலேன் எதற்கு, யார் அனுமதித்தார் என்னும் விவரங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி அலுவலகத்தில் வையுங்கள். நிறுவியவர் ஊரில் இல்லாத நாளிலும் பணி தடைபடாது. புதிய நிர்வாகத்தினர் பொறுப்பேற்கும்போது கணக்குப் புத்தகத்தோடு இதுவும் கைமாற வேண்டும்.